பாஸ்வேர்டு கேட்காத வாசல்

அந்தச் சிறிய ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் ‘கம்ப்யூட்டர் அக்கா’. பில் போடத்தான் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு நாள் அசைய மறுத்த பிரிண்டரை ஓட வைத்தாள். அன்றிலிருந்து ஒயர் உள்ள எதுவானாலும் அவள் தலையில் விழுந்தது. மீதியைத் தானே படித்துக் கற்றுக்கொண்டாள். பயம் மட்டும் போகவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதிப் படியிலிருந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம்.

ஆஸ்பத்திரியில் இரண்டு அப்ளிகேஷன்கள். ஒன்று டாக்டரைப் பார்க்க நேரம் பதிய, மற்றது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்க்க. இரண்டையும் ஒரே முகவரிக்குக் கொண்டுவரச் சொன்னார் பெரிய டாக்டர். இருந்த பழைய மிஷின் பெரிய சுமை தாங்காது. அதனால் கொஞ்சமே இடம் பிடிக்கும் ஒரு ரிவர்ஸ் ப்ராக்ஸியை நிறுவினாள். வருகிறவர் என்ன கேட்கிறார் என்று வாசலில் பார்த்து, உரிய அப்ளிகேஷனிடம் வாங்கித் தருகிற சின்ன சர்வர் அது. ஓடவிட்டாள், ஓடியது. முதல் தடவையே ஓடியதை நம்பாமல், தன் மேஜையிலிருந்தே இன்னும் இரண்டு தடவை திறந்து பார்த்தாள்.

மதியம் நாத்தனார் போன் செய்தாள். தைராய்டு பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருந்தவள்.

“அண்ணி, ரிப்போர்ட் பாத்துட்டேன். இப்ப ரொம்ப ஈசியா இருக்கு, பாஸ்வேர்டே கேக்கல.”

வேறு யாருடையதாவது தெரிகிறதா என்று கேட்டாள்.

“எல்லார் பேரும் வருது. நான் என்னோடத மட்டுந்தான் தொறந்தேன். பக்கத்து வீட்டுக்காரங்க பேரும் இருக்கு அண்ணி.”

போனை வைத்த கையோடு ரிப்போர்ட் அப்ளிகேஷனை நிறுத்தினாள். அதன்பிறகுதான் புத்தி வேலை செய்தது. நர்ஸ்களுக்குச் சிரமம் வேண்டாமென்று, ஆஸ்பத்திரிக்குள்ளிருந்து வருகிறவர்களிடம் அந்த அப்ளிகேஷன் பாஸ்வேர்டு கேட்பதில்லை. இப்போது எல்லோருக்காகவும் போய்க் கேட்பது ப்ராக்ஸி. அதுவோ உள்ளே இருக்கிறது. ஊரே வந்தாலும் அப்ளிகேஷன் கண்ணுக்கு எல்லோரும் வீட்டு ஆட்கள். இவளும் உள்ளே உட்கார்ந்தே சோதித்ததால் வித்தியாசம் தெரியவில்லை.

வந்து போனவர்களின் பதிவைப் பார்த்தாள். வெளியிலிருந்து நாத்தனாரைத் தவிர இன்னொருவர் வந்திருந்தார். ஒரு முதியவரின் ரிப்போர்ட் திறக்கப்பட்டிருந்தது. திறந்தது யார் என்று தெரியவில்லை.

பெரிய டாக்டர் அறைக்குப் போய் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அவரோ அந்த முதியவரின் நம்பரைக் கேட்டார்.

“நானே பேசறேன். நீ இங்கயே நில்லு.”

அவர் பேசி முடிக்கும்வரை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரிப்போர்ட்டைத் திறந்தது அந்த முதியவரின் மகளாம், அப்பா சொல்லித்தானாம்.

“தப்பிச்சோம்,” என்றார் டாக்டர். “ஆனா பேர் வெளிய தெரிஞ்சிருக்கு. எல்லாருக்கும் சொல்லியாகணும்.”

உள்ளே இருப்பவர்களுக்கிருந்த சலுகையை அன்றே எடுத்துவிட்டு, அப்ளிகேஷனை மறுபடி ஓடவிட்டாள். இனி யார் வந்தாலும் பாஸ்வேர்டு. நர்ஸ்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தெருவில் இறங்கி, ஆஸ்பத்திரி வைஃபையை விட்டு, தன் போனில் முகவரியைத் தட்டினாள். பாஸ்வேர்டு கேட்டது. தப்பாக ஒன்றைப் போட்டுப் பார்த்தாள், விடவில்லை. மருந்துக்கடைக்காரரிடம் கேட்டு அவர் போனிலும் பார்த்தாள். அவர் எதற்கென்று கேட்டார். சும்மா என்றாள், இன்னொரு தடவை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.