இப்ப இல்லீங்க

ஊரில் எல்லோருக்கும் அவர் தண்ணிக்காரம்மா. வருஷம் பூராவும் நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பார். திருவிழா மூன்று நாளும் முச்சந்தியில் நீல டிரம்மோடு நின்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தண்ணீர் ஊற்றுவார். "டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டுக் கதை அளக்காதே, பின்னாடி ஆளு நிக்குது" என்று அதட்டல் வேறு.

ஒரே மகன். சண்டை போட்டுக்கொண்டு வெளியூர் போனவன், போன்கூடப் பண்ணுவதில்லை. ஆனால் நான் நடத்தும் ஊர்ப் பேஜில் திருவிழாப் படங்களை ஒன்றுவிடாமல் பார்க்கிறானாம். அவனைப் பார்த்துவிட்டு வந்த யாரோ சொன்னார்கள். அதிலிருந்து தண்ணிக்காரம்மா வருஷா வருஷம் என் ஸ்டூடியோ வாசலில் வந்து நிற்பார்.

"என்னையும் ஒரு ஓரமா எடுத்துடு தம்பி. நல்லாருக்கேன்னு தெரிஞ்சுக்குவான்ல."

எடுத்தேன். பிறகு பேஜில் லட்சம் பேர் சேர்ந்தார்கள். விழாக் கமிட்டிக்குத் தலைகால் புரியவில்லை. கயிறு கட்டி ஊர்க்காரர்களை வெளியே நிறுத்தினார்கள், கேமராக்காரர்கள் உள்ளே. நீல டிரம் வீடியோவில் கண்ணை உறுத்துகிறதாம். பாட்டில் தண்ணீர் வந்தது, தண்ணிக்காரம்மாவை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, போன வாரம் வந்தார்.

"அவன் எதுனா எழுதிருக்கானான்னு பாரேன்."

எந்தப் பெயரில் இருக்கிறான் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பழைய படங்களைத் தோண்டினேன். பாட்டில் வந்த வருஷத்துப் படம் ஒன்றின் கீழே, முகப்புப் படத்தில் முகத்துக்குப் பதில் பைக்கை வைத்திருந்த ஒருவன் கேட்டிருந்தான்: "முச்சந்தியில தண்ணி ஊத்துறவங்க எங்க? காணோமே."

அதன் கீழே என் பதில். ஆயிரம் கேள்விகளுக்கு நடுவே, பாட்டிலை மனதில் வைத்து அவசரத்தில் தட்டியது: "அவங்க இப்ப இல்லீங்க."

அதற்குக் கீழே அவன் எழுதியது ஒரே சொல். "அம்மா."

தட்டிய விரலை ஒடித்துப் போடலாம் போலிருந்தது. அவன் பக்கத்துக்குள் போய்ப் பார்த்தேன். அன்றைக்குப் பிறகு அங்கே ஒன்றுமே இல்லை. "அம்மா உயிரோட நல்லாருக்காங்க" என்று அங்கேயே உட்கார்ந்து நான் அனுப்பிய செய்தி இன்றுவரை படிக்கப்படாமல் கிடக்கிறது.

"என்ன தம்பி, கேட்டிருக்கானா?"

"கேட்டிருக்காம்மா."

"எனக்குத் தெரியும். நீ என்ன சொன்னே?"

"நல்லாருக்காங்கன்னு சொன்னேன்."

"அப்ப வந்துருவான்" என்றார்.