அஞ்சலையக்காவைத் தூக்கிய படை

சுங்கை காடுட்டில் நான் காவல் பார்க்கும் தொழிற்சாலையில் போன வாரம் தீயணைப்புப் பயிற்சி. பழைய டயரில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். ரப்பர் கருகும் வாடை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிகாரி முறைத்தார். அவரிடம் எங்கே போய் விளக்குவது? உங்களிடம் சொல்கிறேன்.

மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்தபோது சுவா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தேன். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகள் அக்கம்பக்கத்துப் புகைவீடுகளைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டுக் காயவைக்கும் மரக் கட்டடம் அது. ஒரு பொறி போதும். அதனால் துரை எங்களில் பன்னிரண்டு பேரைத் தீயணைப்புப் படை ஆக்கினார். தலைவர், தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி. கையில் ஆங்கிலப் புத்தகம், கழுத்தில் விசில்.

வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் பயிற்சி. வேடிக்கை பார்க்க லயமே வந்துவிடும். காயம்பட்டவரைத் தூக்கும் பாடத்துக்குப் படுக்க ஆள் வேண்டும் என்றதும் அஞ்சலையக்கா தானாக முன்வந்தார். விடியற்காலையிலிருந்து பாலுக்கு ரப்பர் மரம் வெட்டிய உடம்பு, படுத்ததும் குறட்டை. நல்ல கனம் வேறு. படையில் என் ஜோடி வீரையா தோளைப் பிடிப்பான், நான் காலைப் பிடிப்பேன்.

"தலை இடிபடாமக் கொண்டு போங்கோ," என்பார் கிராணி.

மூன்றே மாதத்தில் அக்காவைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கத் தேர்ந்துவிட்டோம். பம்பில் குழாயை மாட்டத்தான் வரவில்லை.

ஒரு மத்தியானம் புகைவீட்டில் உண்மையிலேயே தீ. காட்டுக்காரர்கள் வைத்ததல்ல; அடுப்புப் பார்க்கும் ஆரோக்கியம் சுருட்டோடு தூங்கிவிட்டான். விசில் கேட்டு ஓடினோம். எங்களுக்கு முன்னால் வாளியோடு ஓடிய அஞ்சலையக்கா தடுக்கி விழுந்தார். அவர் தரையில் கிடந்ததைப் பார்த்ததுதான் தாமதம், வீரையா தோளைப் பிடித்தான், நான் காலைப் பிடித்தேன். தீக்கு எதிர்த்திசையில் அழகாகத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"எறக்குங்கடா. நெருப்பு அங்க இருக்குலா," என்று என் நெஞ்சில் உதைத்தார்.

"பேசக்கூடாதுக்கா, நீங்க காயம்பட்டவங்க," என்றான் வீரையா.

"ஆரோக்கியம் உள்ள கெடக்கான்டா."

கை விட்டுப்போயிற்று. கீழே போட்டுவிட்டோம், தலையும் இடிபட்டது. அக்கா எழுந்து, நனைந்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். நானும் போயிருக்க வேண்டும். கால் நகரவில்லை. கூரை சடசடத்தது. பிறகு புகைக்குள்ளிருந்து அக்காவின் முதுகு தெரிந்தது; ஆரோக்கியத்தைக் கணுக்காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

இருமி ஓய்ந்ததும் அவன் கேட்டான்: "என் சுருட்ட யாரு எடுத்தா?"

அதற்குள் கிராணியே குழாயை மாட்டிவிட்டிருந்தார். பாதிக் கட்டடம் தப்பியது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் விசிலைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தார். "இனி நீங்கள் நடத்துங்கோ அம்மா."

அக்கா வாங்கி மாட்டிக்கொண்டார். "அப்ப இன்னிக்கு ஐயா படுங்க."

கிராணி கண்ணாடியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டுப் புல்லில் படுத்தார். அதுவரை எங்களில் ஒருவரும் அவரைத் தொட்டதில்லை. தூக்கிப் பார்த்தால் கனமே இல்லை.

பிறகு வேலியை எடுத்தார்கள், படையையும் கலைத்தார்கள். லயம் இருந்த இடமெல்லாம் இப்போது எண்ணெய்க்கான செம்பனை. அன்று சுற்றி நின்று சிரித்தவர்களில் பாதிப் பேரின் பெயர்கூட எனக்கு நினைவில்லை.