மடுத்தீன் பெயரில் இருந்த மீன்பிடி அட்டை

பாரிசில் ரூ லூயி-பிளாங்க் என்ற தெருவில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் மடுத்தீன் இருபத்திரண்டு வருடம் கோப்பை கழுவினார். மன்னாரில் அவர் தபால் கந்தோரில் இருந்தவர். மீன் பிடித்துப் பழக்கமில்லை. 2011இல் பென்சன் எடுத்தபிறகுதான், தெரு முடிகிற இடத்தில் ஓடும் கால்வாயில் வெள்ளைக்காரக் கிழவர்கள் தூண்டில் போடுவதைப் பார்த்து அவருக்கும் ஆசை வந்தது.

அதற்கும் அட்டை வேண்டும் என்றார்கள். மீன் இனம் அழியாமல் பார்க்க அந்தக் காசு போகிறதாம். மடுத்தீன் சந்தோசமாக எடுத்தார். ஊர் விட்டு வந்ததிலிருந்து வதிவிட அட்டைக்கும் மருத்துவ அட்டைக்கும் வரிசையில் நின்றவர், தானாக விரும்பிக் கேட்டு வாங்கிய ஒரே கடதாசி அது. ஞாயிறு பூசை முடிந்ததும் மனைவி மார்கிரட்டைக் கூட்டிக்கொண்டு கால்வாய்க்குப் போவார். பிடிப்பதை எல்லாம் திருப்பி விட்டுவிடுவார். அவள் பக்கத்தில் இருந்து செபமாலை சொல்வாள்.

2017 பங்குனியில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. பேச்சும் போய் ஒரு சொல் மட்டும் மிஞ்சியது: "ஓம்." பசிக்குதோ என்றாலும் ஓம், பசிக்கவில்லையோ என்றாலும் ஓம். முகத்தைப் பார்த்துத்தான் மார்கிரட் கண்டுபிடிப்பாள்.

கோடை வந்ததும் அவள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவரைக் கால்வாய்க்குக் கொண்டுபோனாள். தூண்டிலை அவருடைய இடது கையில் வைத்தாள். ஒற்றைக் கையில் பாரம் தாங்காமல் அது நழுவி விழுந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி விழுந்தது. பிறகு தானே பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது ஞாயிறு மீன்பிடிக் காவலர் ஒருவர் வந்து அட்டை கேட்டார். அவள் கணவனின் அட்டையை நீட்டினாள்.

"இது மிசியேயின் அட்டை. தூண்டில் உங்கள் கையில் இருக்கிறதே, மடாம்."

கந்தோர்களைத் துப்புரவாக்கப் போய்ப் பழகிய பிரெஞ்சில் அவள் சொன்னாள்: "அவருக்குக் கை ஏலாது. நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன், அவ்வளவுதான்."

"பிடிக்கிற ஆளுக்குத்தான் அட்டை இருக்கவேண்டும்."

"இனி இந்தக் கையாலை அவர் எப்பிடிப் பிடிக்கிறது?"

காவலர் மடுத்தீனைப் பார்த்தார். "ஓம்," என்றார் மடுத்தீன். காவலர் அபராதம் ஒன்றும் எழுதவில்லை. அடுத்த முறை அப்படி விடமுடியாது என்று சொல்லிவிட்டுத் தொப்பியைத் தொட்டுக்கொண்டு போனார்.

மார்கிரட் தூண்டில் விற்கும் கடைக்குப் போனாள். வயது போனவர், ஏலாதவர், அவருடைய பெயரில் மனைவி பிடிக்க ஒரு வழியும் இல்லையா என்று கேட்டாள். தனக்கு அப்படி ஒன்று தெரியாது என்றான் கடைக்காரன். பெண்களுக்கு ஒரு தூண்டில் மட்டும் போடக்கூடிய அட்டை இருக்கிறது, வேண்டுமானால் எடுங்கள் என்றான். எடுத்தாள். அறுபத்தெட்டு வயதில் அவளுடைய பெயர் மீன்பிடிப்பவர் என்று பதிவானது.

ஆனால் அவளுக்கு எறியத் தெரியாது. கயிறு சிக்கும், முள் சட்டையில் கொழுவும். நாற்காலியில் இருந்தபடி மடுத்தீன் பார்ப்பார். எங்கே பிழை என்று அவருக்குத் தெரியும், சொல்ல வாய் இல்லை. கழுத்து நரம்பு புடைக்க "ஓம், ஓம்" என்று கத்துவார். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

"இஞ்சரப்பா, கோவிக்காதேங்கோ. எனக்கு விளங்கேல்லை," என்று அவள் அழுவாள்.

ஐப்பசியில் ஒருநாள் விரல் நீளத்தில் ஒரு மீன் மாட்டியது. அவள் அதைக் கழற்றி அவருடைய வலது உள்ளங்கையில் வைத்தாள். அவர் விரல்களை மடக்கப் பார்த்தார். மீன் துள்ளி மடியில் விழுந்து, கல்லில் விழுந்தது. அவள் குனிந்து எடுத்துத் தண்ணீரில் விட்டபோது அது பக்கவாட்டில் மிதந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு கால்வாய்க்குப் போக அவள் நாற்காலியைத் திருப்பினால், இடது கையால் சில்லைப் பிடித்து நிறுத்துவார்.

தை மாதம் அவரைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது மார்கிரட்டின் முதுகு பிடித்துவிட்டது. புறநகர் வில்லியே லே பெல்லிலிருந்து மகள் ஜெனிற்றா ஓடிவந்தாள்.

"அம்மா, இனி உங்களாலை ஏலாது. முதியோர் இல்லத்திலை ஒரு இடம் இருக்கு."

"அவருக்கு விருப்பமில்லை, பிள்ளை."

"டொக்டர் கேட்டவர். அப்பா ஓம் எண்டுதானே சொன்னவர்?"

மார்கிரட் கணவனுடைய முகத்தைப் பார்த்தாள். அவருடைய கண் இரண்டும் அவள்மேல் இருந்தன. அது ஓம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. டொக்டருக்கு அதை எந்தப் பிரெஞ்சில் சொல்வது என்று தெரியவில்லை. முதுகு வலியில் நிற்கவும் முடியாமல் படிவத்தில் கையெழுத்து வைத்தாள்.

இல்லம் நகரத்துக்குத் தெற்கே, இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும். கிழமைக்கு மூன்று நாள் போனாள். மடுத்தீன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். அவள் கிளம்பும்போது மட்டும் திரும்பி அவளுடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொள்வார். தாதி வந்து, "மடாம், பஸ் போய்விடும்," என்று விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிடுவாள்.

பதினான்கு மாதம் அப்படிப் போனது. 2019 சித்திரையில் ஒரு செவ்வாய், ரயில் நடுவழியில் நாற்பது நிமிடம் நின்றது. ஏன் என்று ஒலிபெருக்கியில் சொன்னது அவளுக்குப் புரியவில்லை. எதிரே இருந்த பெண்ணிடம் கேட்டாள். அவளும் தோளைக் குலுக்கினாள். இல்லத்து வாசலில் தாதி காத்து நின்றாள். "அரை மணி நேரத்துக்கு முன்தான் உயிர் பிரிந்தது, மடாம்," என்றாள். மார்கிரட் கொண்டுவந்த கஞ்சிப் போத்தலைத் தாதியின் கையில் கொடுத்துவிட்டு, வாசலில் கிடந்த கதிரையில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினாள்.