மூன்றாவது கண்ணில் ஒரு நீர்க்கட்டி

என் மூளைக்குள் கட்டி என்று தெரிந்ததும் மாமியார் முகத்தில் வந்த பூரிப்பைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். நான் அரியலூரில் தையல் கடை வைத்திருப்பவள். ஒரு வாரமாக மண்டையைப் பிளக்கும் வலி. ஊசி இரண்டாகத் தெரிந்தது, கண்ணை மேலே தூக்க முடியவில்லை. பெரம்பலூரில் ஸ்கேன் பார்த்த டாக்டர், பீனியல் சுரப்பியில் நீர்க்கட்டி, அதற்குள் ரத்தம் கசிந்து மூளை நீர் போகும் வழியை அடைக்கிறது, உடனே திருச்சியில் ஆபரேஷன் செய்யாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார்.

மனுஷர் அதோடு நிறுத்தியிருக்கலாம். "இதத்தான் சிலர் மூணாவது கண்ணுன்னு சொல்லுவாங்க" என்று ஒரு உபரித் தகவலையும் சேர்த்துவிட்டார்.

போச்சு! சிறுவாச்சூர் காளி எனக்குள் இறங்கிவிட்டாள் என்று வீடு வந்து சேர்வதற்குள் முடிவாகிவிட்டது. வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவளிடம் குறி கேட்க ஆள் வந்தது. நாத்தனார், மகளுக்கு எப்போது வரன் அமையும் என்றாள். பக்கத்து வீட்டுக்காரர், போர் போட்டால் தண்ணீர் வருமா என்றார். என் தலைக்குள் தேங்கிய தண்ணீரைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை.

"சாமி இருக்கற எடத்துல கத்தி வெக்கறதாவது! வெள்ளிக்கெழம கோயில் தொறக்கட்டும், உத்தரவு கேட்டுக்கலாம்" என்றார் மாமியார். அன்று செவ்வாய்; சிறுவாச்சூர் கோயில் திறப்பதோ திங்களும் வெள்ளியும்தான். அம்மா பேச்சைத் தட்டாத உத்தமரான என் கணவர் தலையை ஆட்டினார். வெள்ளிக்கிழமை வரை தாங்க மாட்டேன் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

பார்த்தேன். தலைமுடியை அவிழ்த்துவிட்டு, "ஏய்!" என்று ஒரு கத்து கத்தினேன். "காளி பேசறேன்டி! இவளக் கார்ல ஏத்துடி! அந்த டாக்டரு கையில நாந்தான்டி இருக்கேன்!"

கல்யாணமான நாளிலிருந்து மாமியாரை 'டி' போட்டுப் பேசக் கிடைத்த ஒரே வாய்ப்பு, விடுவேனா? அவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். கார் கிளம்பியது.

பிடரிப் பக்கம் எலும்பைத் திறந்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி மூளைக்கு அடியில் புகுந்து கட்டியை எடுப்பார்களாம். திருச்சியில் அதை ஏதோ கொசுவலை கட்டுவதுபோலச் சாவகாசமாகச் சொன்னார்கள். முடியை மழித்து ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனபோது கணவர் கூடவே ஓடிவந்தார். தியேட்டர் வாசலில் குனிந்து என் காதோடு கேட்டார்.

"இன்னொண்ணு மட்டும் சொல்லு தாயி. இவ பொழச்சு வந்துருவாளா?"

காளியாவது, கூளியாவது! அங்கே படுத்திருந்தது பயந்துபோன நான்தான். எல்லாம் நடிப்பு என்று சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"வந்துருவா. நீ போயி சாப்புடு" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். எனக்கும் யாரிடமாவது கேட்க வேண்டும்போல இருந்தது.