இடது கால் பீபி, வலது கால் அம்மா

மலாய் நாடு சுதந்திரம் பெற்ற வருடம் நான் கட்டட வரைபடப் பயிற்சியில் சேர்ந்திருந்தேன். அப்பா வேலை பார்த்த ரப்பர்க் கிட்டங்கி மூடப்பட்டதால், இரண்டாம் தவணைக் கட்டணம் அம்மாவின் ஊசியை நம்பியிருந்தது.

காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கம்போங் செட்டி; தலைமுறைகளுக்கு முன் வந்து மலாய் பேசப் பழகிய தமிழர்களின் குடியிருப்பு. அங்கிருந்த ஒரு அத்தையை நாங்கள் பீபி என்போம். பக்கத்துத் தெங்கேராவில், மலாய் வழக்கில் ஊறிய சீனக் குடும்பத்து நோனியா அம்மாள் ஒருவர் தன் இளைய மகளின் கல்யாணத்துக்கு, மேல்துணி முழுக்க மணி கோத்துத் தைக்கும் மணிச்செருப்பு கேட்டு, வேலையைப் பீபியிடம் கொடுத்திருந்தார். அந்த அம்மாள் கடைக்காரர்களைப் போல அடிமாட்டுக் கூலி பேசமாட்டார்; மணிகளின் நெருக்கம் பார்த்துக் கொடுப்பார். பீபி அந்த ஒரே வேலையைப் பிரித்தார். இடது கால் அவருக்கு, வலது கால் அம்மாவுக்கு, கூலியும் பாதி. என் கட்டணத்துக்காகத்தான்.

நான் கட்டத்தாளில் ரோஜாக் கொத்தை இரு கால்களுக்கும் எதிரெதிராக வரைந்தேன். துணி, சட்டம், ஊசி, நிறவாரியாக மணிகள் எல்லாம் சரிபார்த்தேன். கைகளைச் சரிபார்க்கத் தோன்றவில்லை.

தைத்து முடித்த துணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அம்மா நூலை இறுக்குபவர். பீபி தளர விடுபவர். பீபியின் ரோஜா ஒரு சுற்றுப் பெரிதாக மலர்ந்திருந்தது.

"அலாமா! காப்பிக்குச் சீனி போடுற மாதிரியே நூலையும் கஞ்சமா விட்டிருக்கியே, தங்கச்சி," என்றார் பீபி, தன் செட்டி மலாயில்.

"உங்க நூல் உங்க வாய் மாதிரி, அக்கா. அடங்காது," என்றார் அம்மா தமிழில்.

சிரித்தார்கள். அம்மா என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பிரித்துத் தைத்தால் கட்டண நாள் தாண்டிவிடும்.

மறைக்காமல் தெங்கேராவுக்கே எடுத்துப் போனோம். நோனியா அம்மாள் மணப்பெண்ணைக் கூப்பிட்டார். அம்மா தைத்தது அவள் பாதத்தின் மேல் அளவாக உட்கார்ந்தது. வேடிக்கை பார்க்க வந்த அவளுடைய அக்கா, பீபி தைத்ததைத் தன் பெரிய காலில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கென்றே தைத்தது போலிருந்தது.

"பெரியவளுக்கும் ஒண்ணு வேணும்தான்," என்றார் நோனியா அம்மாள். "ஆளுக்கு இன்னொரு கால் தைச்சிடுங்க லா. ரெண்டு ஜோடி, ரெண்டு கூலி. பாதி இப்பவே வாங்கிக்கங்க."

வரைபடத் தாள்களை மட்டும் அம்மாவும் பீபியும் மாற்றிக்கொண்டார்கள்; இப்போது இடது கால் அம்மாவுக்கு, வலது கால் பீபிக்கு.

கட்டணம் கட்டப் போன காலையில் பீபியும் துணைக்கு வந்தார். வழியெல்லாம், எதிரே வந்த பெண்களின் கால்களையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

"நீ கவலையில்லாம படி," என்றார். "இந்த ஊருல பெரிய காலுக்குப் பஞ்சமே இல்ல."