சோறு வேகாத மாநாடு

மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் பரிமாறும் வேலை பார்த்தேன். எனக்குப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. நாலு பேர் எதிரில் பேசச் சொன்னால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். பரிமாறுகிறவன் பேச வேண்டியதில்லை. வாளியோடு போய் நின்றால் போதும். அதனால்தான் அந்த வேலை எனக்கு ஒத்துப்போனது.

கேன்டீனில் எங்களுக்கு இரண்டு கட்டுப்பாடுகள். சங்கு ஊதும்போது சோறு தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஷிப்டு முழுவதும் தட்டைத் தட்டும். இன்னொன்று, முதல் நடை வாசல் பக்கத்து மேஜையிலிருந்து தொடங்கினால், இரண்டாம் நடை கடைசி மேஜையிலிருந்து தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசி மேஜைக்காரர்களுக்கு இரண்டு நடையிலும் வாளியின் அடிதான் கிடைக்கும். ஒரு வெல்டர் காலி சாம்பார் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மேனேஜர் அறை வரைக்கும் நடந்து போன பிறகு ஏற்பட்ட வழக்கம் இது.

எண்பதுகளின் இறுதியில், ஒரகடம் சாலையில் வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே இருந்த ஒரு பயிற்சி நிலையத்தில் மாணவர்களின் உலக மாநாடு நடந்தது. பல நாட்டுப் பிள்ளைகள் கூடி, ஆளுக்கொரு நாட்டின் பெயர்ப் பலகையை முன்னால் வைத்துக்கொண்டு, அந்த நாட்டுத் தூதர் மாதிரியே பேச வேண்டும். அந்த முறை எடுத்துக்கொண்ட விஷயம் உலகப் பசி. சமையல் எங்கள் கேன்டீன் காண்டிராக்டருக்குக் கிடைத்தது. நானும் எங்கள் தலைமைச் சமையல்காரரும் போனோம். அவரை எல்லோரும் மாஸ்டர் என்போம்.

என் மகளும் அந்த மாநாட்டுக்கு வந்திருந்தாள். பக்கத்து ஊர்க் கல்லூரியில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். சுற்றுவட்டாரக் கல்லூரிகளுக்கு என்று ஒதுக்கிய ஒரே இடம் அவளுக்குக் கிடைத்தது. ஆப்பிரிக்காவில் மழையே காணாத ஒரு நாட்டைக் கொடுத்திருந்தார்கள். அவள் அதற்காக ஒரு இங்கிலீஷ் பேச்சை எழுதி, வாத்தியாரிடம் திருத்தி வாங்கி, வீட்டில் துணி துவைக்கும்போதும் மாவாட்டும்போதும் ஒப்பித்துக்கொண்டே இருந்தாள்.

"அங்க என்னெ நைனான்னு கூப்புடாத" என்றேன், புறப்படும் முன்பு.

"ஏன், நீ எந்த நாட்டுத் தூதரு?" என்றாள்.

மாநாட்டை நடத்திய அம்மாள் மெட்ராஸ்காரர். கைத்தறிச் சேலை, பெரிய பொட்டு. எல்லாக் கலாச்சாரத்துக்கும் இங்கே சமமான இடம் உண்டு என்று வாசலில் துணியில் எழுதிக் கட்டியிருந்தார். எங்கள் கலாச்சாரத்துக்கும் இடம் இருந்தது. என் தலையில் ஜரிகை வைத்த சிவப்புத் தலைப்பாகையைக் கட்டிவிட்டார்கள். வெயிலுக்குத் துண்டைச் சுற்றுவோமே தவிர, அப்படி ஒன்றைக் கட்டியவரை எங்கள் ஊரில் கல்யாண ஊர்வலத்தில்தான் பார்த்திருக்கிறேன். மாஸ்டருக்கும் ஒன்று கொடுத்தார்கள். அவர் அதைக்கொண்டு கரியைத் துடைத்தார்.

என் மகளைப் பார்த்ததும் அந்த அம்மாளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "நீதானே லோக்கல் பொண்ணு? கோலம் போட வரும்ல?" என்றார். மகள் விடியற்காலையில் போய் வாசல் முழுக்கக் கோலம் போட்டாள். பிறகு தட்டை ஏந்தி, வருகிறவர்களுக்கெல்லாம் சந்தனம் பூசினாள். அதை முடித்துவிட்டு உள்ளே ஓடி, கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் இருந்த தன் நாட்டில் உட்கார்ந்தாள்.

அவளுடைய நாட்டிலேயே பிறந்த ஒரு பையன் மெட்ராசில் படித்துக்கொண்டிருந்தான். அவனும் வந்திருந்தான். சொந்த நாட்டுக்காக யாரும் பேசக் கூடாது என்று விதியாம். அவனுக்கு எப்போதும் பனி பெய்யும் ஒரு நாட்டைக் கொடுத்திருந்தார்கள். வெளிநாட்டார் வயிற்றுக்கு ஆகாது என்று அவர்களுக்கெல்லாம் காரமே இல்லாமல் சமைக்கச் சொல்லியிருந்தார்கள். அவன் முதல் வேளைச் சாப்பாடு முடிந்ததும் சமையற்கட்டுக்கு வந்து, "அண்ணா, பச்ச மொளகா இருக்கா?" என்று கேட்டான். மாஸ்டர் அன்றே அவனைத் தத்து எடுத்துக்கொண்டார்.

சபைக்குத் தலைவரும் மாணவர்தான். கோட்டு, மரச் சுத்தியல், மேஜை மணி. பெரிய நாடுகள் முன்வரிசையில் இருந்தன. அவற்றை மெட்ராஸ் கல்லூரிகள் எடுத்துக்கொண்டிருந்தன. பேச்சு முன்வரிசையிலிருந்து தொடங்கும். கடைசி வரிசைக்கு வருவதற்குள் டீ வந்துவிடும். டீக்குப் பிறகு மறுபடி முன்வரிசையிலிருந்து தொடங்குவார்கள். அப்போது கடைசி வரிசைக்கு வருவதற்குள் சாப்பாடு வந்துவிடும். டீயையும் சாப்பாட்டையும் கொண்டு போனவன் நான்தான்.

முதல் நாள் சாயங்காலம் என் மகள் சமையற்கட்டுக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது.

"இன்னாம்மா, பேசிட்டியா?" என்றார் மாஸ்டர்.

"எங்க பேச வுட்டாங்க? போன வருசம் இங்கேர்ந்து வந்த பொண்ணும் பேசாமயே போச்சாம். இந்த வருசமும் பேசலைன்னா, உங்க பக்கத்துப் பிள்ளைங்களுக்கு ஆர்வம் இல்ல, இந்த எடத்த எடுத்துடுவோம்னு அந்தம்மா சொல்லுது."

"கூப்புடாம எப்டிப் பேசறதாம்?"

"அதான் மாஸ்டர், ஆர்வம் இருந்தா கூப்புடாமயே பேசணுமாம். குறுக்க பேசினா மணி அடிக்கிறான்."

மறுநாள் மதியத்தோடு பேச்சு முடிகிறது. சாப்பாட்டுக்குப் பிறகு பரிசும் போட்டோவும்தான். நான் தண்ணீர்க் கூஜாவோடு மண்டப வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முன்வரிசை பேசியது, நடுவரிசை பேசியது. மகளுக்கு முன்னால் இன்னும் சில நாடுகள் இருந்தன. கைத்தறி அம்மாள் எழுந்து என்னிடம் வந்தார்.

"சாப்பாடு ரெடிதானே? முடிச்சிடலாமா?"

சோறு வெந்து, வடித்து, மூடி வைத்திருந்தது. இத்தனை வருஷ வேலையில் சங்குக்குப் பிந்தாத சோறு.

"இல்லீங்கம்மா. சோறு இன்னும் வேகல" என்றேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

சமையற்கட்டுக்கு ஓடி மாஸ்டரிடம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தலப்பா கட்டினதும் தைரியம் வந்துடுச்சிபா உனக்கு. சரி, வெறகு ஈரம்னு சொல்லிக்கலாம். போய்ப் பாரு."

திரும்பி வந்தால், தலைவர் கிடைத்த நேரத்தை மறுபடி முன்வரிசைக்கே கொடுத்திருந்தார். பட்டினியால் வாடும் மக்கள் பொறுமை காக்க வேண்டும் என்று ஒரு பெரிய நாடு பேசியது; அந்த நாட்டுக்குப் பேசிய மெட்ராஸ் பையன் நடுநடுவே சமையற்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தான். அம்மாள் மறுபடி வந்தார். மறுபடி வேகவில்லை என்றேன். இரண்டு நாளாக உலகத்துப் பஞ்சத்தைப் பற்றி முகம் சுளிக்காமல் பேசியவர்கள் இப்போது கைக்கடிகாரத்தைத் தட்டினார்கள். ஒரு பணக்கார நாடு எழுந்து வந்து, "இன்னாய்யா இது, அநியாயமா இருக்கு! மனுசன் எவ்ளோ நேரம் பசியோட இருக்கிறது?" என்று என்னைக் கேட்டது. வெறகு ஈரம் சார் என்றேன்.

கடைசியில் முன்வரிசையில் யாருக்கும் பேசத் தெம்பில்லை. தூணுக்குப் பின்னாலிருந்து என் மகளின் பலகை உயர்ந்தது. தலைவர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார், வேறு பலகை எதுவும் இல்லை. சுத்தியலால் அவளைக் காட்டினார்.

அவள் எழுந்து பேசினாள். எனக்கு ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. ஆனால் எங்கே மூச்சு வாங்குவாள், எங்கே குரலை உயர்த்துவாள் என்பது எல்லாம் எனக்குத் தெரியும். தடுக்கி விழும் ஒரு இடம் உண்டு. அதைத் தாண்டும் வரை நான் கூஜாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். தாண்டிவிட்டாள். பாதிப் பேர் மேஜையில் தலை வைத்துக் கிடந்தார்கள். பனி நாட்டுப் பையன் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டான். முடிவில் அவள் ஒரு தீர்மானம் கொண்டு வந்தாள். அவன் எழுந்து நின்று ஆதரித்தான்.

முன்வரிசையில் ஒருவர் இதை விவாதிக்க வேண்டும் என்று கையை உயர்த்தியதைப் பார்த்ததும் நான் சமையற்கட்டுக்குத் திரும்ப ஓடினேன்.

"பேசிட்டா மாஸ்டர். ஓட்டுதான் பாக்கி."

"அப்டியா?" மாஸ்டர் சாம்பார் அண்டாவை ஜன்னலோரம் இழுத்து, மூடியைத் திறந்து, புதிதாக ஒரு தாளிப்பைக் கொட்டினார். காற்று மண்டபத்தைப் பார்த்து அடித்தது.

விவாதம் நடக்கவில்லை. எல்லாக் கைகளும் ஒரே சமயத்தில் உயர்ந்தன. இப்படி ஒருமனதாக எந்தத் தீர்மானமும் இங்கே நிறைவேறியதில்லை என்று தலைவர் எழுந்து நின்றே அறிவித்தாராம். எதற்குக் கை தூக்கினோம் என்று யாருக்காவது தெரியுமா என்பது வேறு விஷயம். தீர்மானம் என்ன என்று மகள் பிறகு எனக்குச் சொன்னாள்: தானியக் கப்பல்கள் முதல் நடை எங்கிருந்து தொடங்கினாலும், இரண்டாம் நடை கடைசி நாட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

பந்தியில் முதல் இலையில் தலைவர் உட்கார்ந்தார், பக்கத்தில் பெரிய நாடுகள். கடைசி இலையில் என் மகள், அவளுக்குப் பக்கத்தில் பச்சை மிளகாயோடு பனி நாடு. முதல் நடை முடிந்ததும் நான் சாம்பார் வாளியை நிரப்பிக்கொண்டு வந்தேன். தலைவர் சோற்றில் குழி பறித்து வைத்துக்கொண்டு கையைத் தட்டினார்.

"பெரியவரே! சாம்பார் இங்க!"

கால் தானாக அவர் பக்கம் திரும்பியது. அப்போது பந்தியின் கடைசியிலிருந்து, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல்:

"நைனா! இங்கேர்ந்துதான் ஆரம்பிக்கணும். ஒருமனதா ஓட்டுப் போட்டுகீறாங்க."

கைத்தறி அம்மாள் என் தலைப்பாகையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். நான் தலைப்பாகையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, கடைசி இலைக்கு நடந்தேன்.

"வருது சார்" என்றேன் தலைவரிடம், போகிற போக்கில்.