கொடிக்கு வைத்த மஞ்சள்

கொடியின் மூன்று நிறத்துக்கும் பொருள் எனக்குத் தலைகீழ்ப் பாடம். காவி தியாகம், வெள்ளை உண்மை, பச்சை செழிப்பு. அறுபதுகளின் நடுவில், தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் பதினைந்தன்று கொடியேற்றியதும் அதை எல்லாருக்கும் எடுத்துச் சொல்ல என்னைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒரு வாரமாகக் கால் தரையில் பாவவில்லை. அவ்வளவு திமிர் எனக்கு!

பழைய கொடியை எலி கடித்துவிட்டிருந்தது. தலைமை ஆசிரியர் மூன்று கதர்த் துண்டுகள் வாங்கி, வீட்டில் தையல் மிஷின் வைத்திருந்த என் அம்மாவிடம் கொடுத்தனுப்பினார். சக்கரத்தை டிராயிங் மாஸ்டர் வரைந்திருந்தார். அம்மா ஜாக்கெட் வேலையையெல்லாம் ஒதுக்கிவிட்டு இரண்டு நாள் உட்கார்ந்து தைத்தாள். எங்கள் ஒற்றை அறை முழுக்கப் புதுக் கதர் வாசம். இப்போது நினைத்தாலும் மூக்கில் ஏறுகிறது.

முந்தின நாள் சாயங்காலம் கொடியை விரித்துக் காட்டினாள். வெள்ளையின் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள்!

“என்னம்மா இது?”

“புதுத் துணில்லா? மஞ்ச வைக்காம எப்படிட்டீ தைக்க? மூணு துணிக்கும் வச்சேன். மத்த ரெண்டுலயும் தெரியல, இதுல தெரியுது.”

“ஐயோ, கெடுத்துட்டியே! எல்லாரும் என்னையப் பாத்துச் சிரிப்பாங்க!”

சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் சிவப்பாகிவிட்டது. அம்மா பிடுங்கி, அலசி அலசிப் பழையபடி மஞ்சளாக்கினாள். வெயிலில் போட்டால் போய்விடும் என்றாள். பம்பாயில் ஆகஸ்டில் வெயிலுக்கு எங்கே போவது?

மறுநாள் தூறலில் வரிசையாக நின்றோம். அம்மா அன்றுதான் முதல்முதலாகப் பள்ளிக்கூடத்துக்குள் வந்து, கேட்டோரம் நின்றாள். மாட்டுங்காவிலிருந்து வரும் தலைமை ஆசிரியர், கொடிக்குள் பூ வைத்து மடிக்கும்போது கறையைப் பார்த்துவிட்டார்.

“யார் பண்ணின காரியம் இது? ஏம்மா, உனக்குத் தெரியுமோ?” என்று, வீட்டிலிருந்து கொடியைக் கொண்டுவந்த என்னைத்தான் கேட்டார்.

“தெரியாது சார்” என்றேன். எங்கே பேச விடாமல் பண்ணிவிடுவாரோ என்ற பயம். நாக்குக் கொஞ்சமும் கூசவில்லை.

அம்மா விறுவிறுவென்று முன்னால் வந்தாள். “நாந்தான் வச்சேன் ஐயா. புள்ளையளுக்குப் புதுசு உடுத்தும்போது மஞ்ச வைப்போம்லா, அந்தப் பழக்கத்துல வச்சிட்டேன். தப்புன்னா மன்னிச்சிருங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாது.”

அவர் கொடியை மடித்து முடித்தார். “சரி, இருக்கட்டும். ஏத்துங்கோ” என்றார்.

கொடி ஏறியது. நான் முன்னால் போய்க் கணீரென்று ஆரம்பித்தேன். காவி நன்றாகத்தான் வந்தது. “வெள்ளை என்றால் உண்மை” என்றதோடு நின்றுவிட்டேன். கேட்டோரம் அம்மா கைதட்டுவதற்கு இரண்டு கையையும் தூக்கியபடி நின்றாள். பச்சையை எப்படிச் சொல்லி முடித்தேனோ, தெரியாது.

வீட்டுக்குப் போகும் வழியில் முந்தானையால் என் தலையைத் துடைத்தாள். “நல்லாப் பேசுனட்டீ. நடுவுல ஏன் நிறுத்திட்ட? மறந்துட்டோ?”

“ஆமாம்மா.”

அம்மா இருந்த வரைக்கும், நான் மறக்கவில்லை என்பதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.